ஷோரூம் சர்வீசா, வெளிப் பட்டறையா? பில்லைப் பிரித்துப் பார்ப்போம்

நமது கடைக்கு ஒரு லோடு சரக்கு வந்து இறங்கினால் என்ன செய்கிறோம்? மூட்டையை எண்ணுகிறோம். இரண்டு மூட்டையையாவது தராசில் ஏற்றிப் பார்க்கிறோம். பில்லில் சரக்கு விலை தனி, லாரி வாடகை தனி, இறக்கு கூலி தனி, வரி தனி என்று பிரித்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுகிறோம். துவரம் பருப்பில் கிலோவுக்கு 50 பைசா கூடியிருந்தால் உடனே போனை எடுக்கிறோம்.

அதே வியாபாரி தன் காரையோ, சரக்கு வண்டியையோ சர்வீசுக்கு விட்டால் கதை வேறு. அவினாசி சாலை ஷோரூமில் குளிர்பதன அறையில் உட்கார வைத்து, காபி கொடுத்து, நான்கு பக்க பில்லை நீட்டுகிறார்கள். கடைசி வரியில் உள்ள தொகையை மட்டும் பார்த்துப் பணத்தைக் கட்டிவிட்டு வருகிறோம். வரும் வழியெல்லாம் "கொள்ளை அடிக்கிறானுங்க" என்று புலம்புகிறோம். அடுத்த முறை கோபத்தில் வண்டியைத் தெருமுனைப் பட்டறையில் விடுகிறோம். அங்கே பில்லே கிடையாது. ஒரு துண்டுச் சீட்டில் மொத்தத் தொகை மட்டும் இருக்கிறது.

இரண்டுமே வியாபாரிக்கு அழகல்ல. ஷோரூம் என்றால் அநியாயம், வெளி மெக்கானிக் என்றால் மலிவு என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. எந்த வேலைக்கு எங்கே எவ்வளவு கொடுக்கிறோம், அதற்கு என்ன கிடைக்கிறது என்பதே கணக்கு.

பில்லில் உள்ள நான்கு பகுதிகள்

எந்த சர்வீஸ் பில்லாக இருந்தாலும் அதை நான்கு கூறாகப் பிரித்துவிடலாம்.

முதலாவது, ஆயிலும் உதிரி பாகங்களும். என்ஜின் ஆயில், ஆயில் பில்டர், ஏர் பில்டர், பிரேக் பேடு போன்றவை இதில் வரும். இரண்டாவது, வேலைக் கூலி. மூன்றாவது, உபரி வேலைகள். என்ஜினுக்குப் பாலிஷ், ஏ.சி. கிருமி நீக்கம், உள்புறச் சுத்தம், அடிப்பாகப் பூச்சு, டெப்லான் பூச்சு என்று வரிசையாக வருவதெல்லாம் இந்த வகை. நான்காவது, ஜி.எஸ்.டி. வரி.

இதில் முதல் இரண்டும் வண்டிக்குத் தேவையானவை. மூன்றாவதில் பெரும்பாலானவை நாம் கேட்காதவை. கம்பெனி கொடுத்த கையேட்டின் சர்வீஸ் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். எத்தனை கிலோமீட்டரில் எதை மாற்ற வேண்டும், எதைப் பார்த்தால் போதும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. அந்த அட்டவணையில் இல்லாத ஒன்று பில்லில் இருந்தால், அது ஏன் என்று கேட்க நமக்கு முழு உரிமை உண்டு.

புது வண்டிக்கு "இலவச சர்வீஸ்" என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பல கார்களுக்கு முதல் மூன்று சர்வீஸ் இலவசம் என்பார்கள். இலவசம் என்பது கூலி மட்டுமே. ஆயில், பில்டர், மற்றபடி தீர்ந்துபோகும் சாமான்களுக்குப் பணம் உண்டு. "இலவசம்னு சொன்னீங்களே, ஏனுங்க 4,000 ரூபாய்?" என்று கேட்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் வீண் சண்டை வராது.

ஒரு மாதிரிக் கணக்கு

கணக்குக்காக ஒரு பில்லை வைத்துக்கொள்வோம். இவை நாமாக வைத்துக்கொண்ட தொகைகளே. வண்டிக்கு வண்டி மாறும்.

ஷோரூமில் ஆயிலும் பாகங்களும் 4,000 ரூபாய், கூலி 2,200 ரூபாய், உபரி வேலைகள் 2,800 ரூபாய் என்று வைப்போம். மொத்தம் 9,000. இதற்கு 18 சதவீத வரி 1,620. ஆக 10,620 ரூபாய்.

வெளிப் பட்டறையில் அதே தரமான ஆயிலையும் பாகங்களையும் நாமே கடையில் பில்லோடு வாங்கிக் கொடுக்கிறோம். வரியோடு 4,720 ரூபாய். மெக்கானிக் கூலி 900. ஆக 5,620 ரூபாய்.

வித்தியாசம் சரியாக 5,000 ரூபாய். "பார்த்தீர்களா, பாதிக்குப் பாதி!" என்று தோன்றும். ஆனால் அந்த 5,000 எங்கிருந்து வந்தது? உபரி வேலையும் அதன் வரியும் சேர்ந்து 3,304 ரூபாய். கூலியில் உள்ள வித்தியாசம், வரியோடு, 1,696 ரூபாய் மட்டுமே. அதாவது வித்தியாசத்தில் மூன்றில் இரண்டு பங்கு, ஷோரூமுக்குப் போனதால் வந்ததல்ல; அங்கே "வேண்டாம்" என்று சொல்லாததால் வந்தது. வண்டியை விடும்போதே ஜாப் கார்டில் உபரி வேலைகளை அடிக்கச் சொல்லியிருந்தால் ஷோரூம் பில்லே 7,316 ரூபாய்க்கு வந்திருக்கும்.

ஆகவே முதல் வேலை இடத்தை மாற்றுவதல்ல. ஜாப் கார்டைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது. "என்னைக் கேட்காமல் கூடுதல் வேலை செய்யக் கூடாது" என்று அதிலேயே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

வாரண்டி என்னும் பூச்சாண்டி

"அண்ணா, வெளியில விட்டா வாரண்டி போயிருங்க." இந்த ஒரு வாக்கியத்துக்குப் பயந்தே பல வியாபாரிகள் பஞ்சர் ஒட்டுவது தவிர மற்ற எல்லாவற்றுக்கும் ஷோரூமுக்கு ஓடுகிறார்கள். இதைப் பற்றி நமது நாட்டிலேயே ஒரு பெரிய வழக்கு நடந்திருக்கிறது. வணிகர்கள் அவசியம் அறிய வேண்டியது.

2011 ஜனவரியில் ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்தார். ஹோண்டா, வோக்ஸ்வாகன், பியட் ஆகிய கார் கம்பெனிகள் அசல் உதிரி பாகங்களை வெளிச் சந்தையில் கிடைக்க விடுவதில்லை. பழுது பார்க்கும் கருவிகளையும் விவரங்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கொடுப்பதில்லை. அதனால் வண்டி வாங்கியவர் கம்பெனி டீலரிடமே போய், சொன்ன விலையைக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பது புகார். விசாரணை மற்றக் கம்பெனிகளுக்கும் விரிந்தது.

2014 ஆகஸ்ட் 25-ம் தேதி ஆணையம் தீர்ப்புச் சொன்னது. மாருதி, டாடா, மகிந்திரா, டொயோட்டா, ஹோண்டா உள்ளிட்ட 14 கம்பெனிகளுக்குச் சேர்த்து சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம். உதிரி பாகங்களின் விலையில் பொதுவாக 100 சதவீதமும், சிலவற்றுக்குச் சுமார் 5,000 சதவீதம் வரையும் ஏற்றம் இருந்ததாக ஆணையம் கண்டது. நாம் பருப்பிலும் எண்ணெயிலும் 2 சதவீதம், 3 சதவீதம் பார்த்துக் குடும்பம் நடத்துகிறவர்கள். அந்த எண்ணை இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.

அபராதத்தைவிட நமக்கு முக்கியம் வாரண்டி பற்றி ஆணையம் சொன்னது. வெளியில் பழுது பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக மொத்த வாரண்டியையும் ரத்து செய்வோம் என்று நிபந்தனை போடக் கூடாது. வெளியில் செய்த தவறான வேலையால் சேதம் வந்திருந்தால், அந்தச் சேதத்தின் அளவுக்கு மட்டுமே வாரண்டியை மறுக்கலாம். இதுதான் அதன் சாரம். அமெரிக்காவில் 1975-லேயே இதே போக்கில் ஒரு வாரண்டிச் சட்டம் வந்துவிட்டது.

கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. மேல்முறையீடு செய்தன. டொயோட்டா, போர்டு, நிஸ்ஸான் ஆகிய மூன்று கம்பெனிகளின் மேல்முறையீட்டில், ஆணையம் கண்ட முடிவு சரியே என்று 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்னது. வழக்குகள் அதற்கு மேல் உள்ள நீதிமன்றங்களுக்கும் போயின. ஆகவே "தீர்ப்பு வந்துவிட்டது, இனி எனக்குக் கவலையில்லை" என்று யாரும் இருந்துவிடக் கூடாது. உங்கள் வாரண்டிப் புத்தகத்தில் கம்பெனி போட்டிருக்கும் நிபந்தனை இன்னும் அச்சில்தான் இருக்கிறது.

நடைமுறையில் செய்ய வேண்டியது இதுதான். வாரண்டி ஓடும் காலத்தில் கிலோமீட்டர்படி செய்யும் சர்வீசை ஷோரூமிலேயே செய்து, புத்தகத்தில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அதில் உபரியை வெட்டினால் போதும். டயர், வீல் அலைன்மென்ட், பஞ்சர், சீட் உறை போன்றவற்றை வெளியில் செய்வதால் என்ஜினுக்கோ கியர் பாக்சுக்கோ உள்ள வாரண்டி போக நியாயமில்லை. ஆனால் வயரை வெட்டி ஹாரன், விளக்கு, பாட்டுப் பெட்டி மாட்டினால் மின்சாரச் சாமான்களுக்கான வாரண்டியை மறுக்க அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும். அதில் ஜாக்கிரதை.

யாராவது வாரண்டியை மறுத்தால் வாய்ப் பேச்சோடு விட்டுவிடாதீர்கள். "எந்த வேலையால் எந்தப் பாகம் கெட்டது என்று எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். எழுதிக் கேட்டாலே பாதிப் பேர் இறங்கி வருவார்கள். மத்திய அரசின் நுகர்வோர் நலத்துறை 2022 டிசம்பர் 24-ல் "பழுது பார்க்கும் உரிமை" என்ற இணையதளத்தைத் தொடங்கியது. வாகனங்களும் விவசாயக் கருவிகளும் அதில் அடங்கும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஒன்றை நினைவில் வையுங்கள்: வியாபாரத்துக்காக வாங்கிய வண்டி என்றால் நுகர்வோர் சட்டத்தில் இடமில்லை என்று எதிர்த்தரப்பு வாதாடும். சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கியது என்றால் விலக்கு உண்டு. சொந்தக் காருக்கு இந்தச் சிக்கல் இல்லை.

அசல் பாகம் யார் செய்கிறார்கள்?

கார் கம்பெனி தன் வண்டியின் எல்லாப் பாகங்களையும் தானே செய்வதில்லை. நமது கோவைக்காரர்களுக்கு இது புதிதல்ல. டேஷ்போர்டு மீட்டர் செய்யும் பிரிக்கால், ஹாரன் செய்யும் ரூட்ஸ் இரண்டும் நம் ஊர்க் கம்பெனிகள்தாம். இப்படிச் செய்து கொடுப்பவர்கள் வண்டிக் கம்பெனிக்கும் கொடுக்கிறார்கள். பல பாகங்களைத் தங்கள் சொந்தப் பெயரில் கடைக்கும் விற்கிறார்கள். ஒரே மில்லில் அரைத்த மாவு இரண்டு பையில் வருவது நமக்குத் தெரியாததா?

ஆகவே உதிரி பாகம் மூன்று வகை. வண்டிக் கம்பெனியின் டப்பாவில் வருவது. அதைச் செய்து கொடுக்கும் கம்பெனியின் சொந்த டப்பாவில் வருவது. யார் செய்தார் என்றே தெரியாதது. இரண்டாவது வகையைத் தேடி வாங்குவதில்தான் உண்மையான சேமிப்பு. மூன்றாவது வகை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், பிரேக், ஸ்டியரிங், பில்டர் ஆகியவற்றில் தொடவே கூடாது.

நமக்குத் தெரிந்த ஒரு மளிகை வியாபாரியின் சரக்கு வண்டி இதற்கு உதாரணம். வெளியில் ஆயில் மாற்றினார். பில்டர் எங்கே வாங்கியது என்று அவரும் கேட்கவில்லை, மெக்கானிக்கும் சொல்லவில்லை. சில வாரங்களில் வண்டி லைனில் நின்றது. ஆயில் ஏறாமல் என்ஜின் பிடித்துவிட்டது. பில் இல்லாததால் பில்டர் விற்ற கடையை யாரும் கேட்க முடியவில்லை. என்ஜின் இறக்கிக் கட்டிய செலவு ஒரு பக்கம். வண்டி நின்ற நாட்களில் அவருடைய கிராமத்துக் கடைகள் வேறு ஆளிடம் சரக்கு எடுக்கத் தொடங்கியது இன்னொரு பக்கம். அதில் சில கடைகள் திரும்பவே இல்லை.

ஆயிலிலும் அளவு பாருங்கள். கையேட்டில் எந்த கிரேடு, எத்தனை லிட்டர் என்று இருக்கிறது. மூன்று லிட்டர் பிடிக்கும் என்ஜினுக்கு நான்கு லிட்டர் பில் போட்டிருந்தால் மீதி எங்கே என்று கேளுங்கள். எல்லா வண்டிக்கும் ஒரே டிரம்மிலிருந்து ஊற்றும் பட்டறையானால் டப்பாவை நாமே வாங்கிக்கொண்டு போவது நல்லது.

ஜி.எஸ்.டி. கணக்கு

சரக்கு வண்டிக்கும் காருக்கும் இங்கே பெரிய வித்தியாசம். சொந்த உபயோகக் காரின் சர்வீசுக்குக் கட்டிய வரியை நாம் வரவு எடுக்க முடியாது, சட்டம் தடுத்திருக்கிறது. சரக்கு ஏற்றும் வண்டியானால், கடையின் பதிவு எண்ணில் முறையான பில் இருந்தால் வரி வரவு கிடைக்கும். காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கு எதிலும் வரவு கிடையாது.

மேலே சொன்ன மாதிரிக் கணக்கைச் சரக்கு வண்டிக்குப் போட்டுப் பார்ப்போம். உபரி வெட்டிய ஷோரூம் பில் 7,316. அதில் வரி 1,116 வரவு வந்துவிட்டால் நிகரச் செலவு 6,200. வெளியில், பாகங்களுக்குப் பில் வாங்கினால் 720 வரவு போக நிகரச் செலவு 4,900. வித்தியாசம் 1,300. பாகத்துக்கும் பில் இல்லாமல் மொத்தமாக 5,620 கொடுத்திருந்தால் வித்தியாசம் வெறும் 580 ரூபாய். அந்த 580 ரூபாய்க்காகப் பில்லையும், கேட்கும் உரிமையையும் விட்டுக்கொடுக்கலாமா என்பதை அவரவர் யோசிக்க வேண்டும்.

ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் உள்ள மெக்கானிக் ஜி.எஸ்.டி. பதிவு செய்ய வேண்டியதில்லை. அவரிடம் வரி பில் எதிர்பார்ப்பது தவறு. ஆனால் பாகங்களைப் பதிவுள்ள கடையில் நம் எண்ணில் வாங்கிக்கொள்ளலாம். கூலிக்கு ஒரு சாதாரண ரசீது வாங்கிக்கொள்ளலாம். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரி பாகங்களுக்கான வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது. பழைய விலைப் பட்டியலை வைத்துப் பில் போட்டால் கேளுங்கள். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரியில் அந்தச் செலவு ஏற்கப்படாது என்பதும் நினைவிருக்கட்டும்.

எந்த வேலையை எங்கே விடலாம்?

ஷோரூமில் விட வேண்டியவை: வாரண்டிக் கால சர்வீஸ், வாரண்டியில் மாற்ற வேண்டிய பாகங்கள், கம்பெனியே குறை கண்டு வண்டியைத் திரும்ப அழைக்கும் வேலைகள். திரும்ப அழைக்கும் வேலைக்குப் பணம் இல்லை. பழைய வண்டி வாங்கியவர்கள் தங்கள் கைபேசி எண்ணை ஷோரூமில் பதிந்து வைத்தால்தான் தகவல் வரும். ஏர் பேக் சம்பந்தப்பட்ட வேலையும் அங்கேதான்.

விபத்து வேலையில் இன்சூரன்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள இடத்தில் விட்டால் ரொக்கமில்லாமல் முடியும். மற்ற இடத்தில் நாம் கட்டிவிட்டுப் பிறகு வாங்க வேண்டும். எங்கே விட்டாலும், சர்வேயர் பார்ப்பதற்கு முன் பிரிக்க விடாதீர்கள்.

வெளிப் பட்டறையில் தாராளமாக விடக்கூடியவை: வாரண்டி முடிந்த வண்டியின் ஆயில் சர்வீஸ், பிரேக், கிளட்ச், சஸ்பென்ஷன், பேட்டரி, சிறு டிங்கரிங், பெயிண்ட். நமது கொங்கு நாட்டில் கைத்திறனுக்குப் பஞ்சம் கிடையாது. ஜி.டி. நாயுடு 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து, வண்டி ஓட்டுவதும் வண்டியைச் செப்பனிடுவதும் இங்கே சேர்ந்தே வளர்ந்த தொழில்கள். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு லாரிக்காரர்களைக் கேளுங்கள். எந்த வேலை கம்பெனிக்கு, எந்த வேலை பட்டறைக்கு என்று அவர்கள் எப்போதோ பிரித்து வைத்துவிட்டார்கள்.

இடைப்பட்ட வேலைகளும் உண்டு. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்த பிறகு டீசல் வண்டிகளில் சென்சாரும் புகை வடிகட்டியும் கூடிவிட்டன. அனுபவத்தால் மட்டும் கோளாறு கண்டுபிடிக்க முடியாது, ஸ்கேனர் வேண்டும். ஸ்கேனர் வைத்திருக்கும் பட்டறையா என்று கேட்டு விடுங்கள். இன்ஜெக்டர், பம்ப் வேலைக்கு பாஷ் போன்ற அதைச் செய்யும் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற டீசல் மையம் இருக்கிறது. மை டி.வி.எஸ். போன்று எல்லாக் கம்பெனி வண்டிகளையும் பார்க்கும் பெரிய ஒர்க் ஷாப்புகளும் வந்துவிட்டன. அவர்களிடம் ஷோரூம் போல் பில்லும் உண்டு. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மூன்றாவது விலை கிடைத்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

வண்டி நிற்கும் நாளையும் செலவில் சேருங்கள். சரக்கு வண்டிக்கு மாற்று வண்டி வாடகை எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். கூலியில் 1,000 ரூபாய் மிச்சம் பிடித்து, "நாளைக்கு, நாளைக்கு" என்று மூன்று நாள் வண்டியை நிறுத்தினால் அது மிச்சமல்ல. சில சமயம் ஷோரூமிலும் பாகம் வரவில்லை என்று நிறுத்திவிடுவார்கள். விடும் முன்பே நாள் கேட்டு எழுதி வாங்குங்கள்.

கைக்கொள்ள வேண்டியவை

1. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு நோட்டு. தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, மாற்றிய பாகம், தொகை. நோட்டு இருந்தால் ஆறு மாதத்தில் இரண்டு முறை பிரேக் பேடு மாற்றியது தெரிந்துவிடும். வண்டியை விற்கும்போதும் விலை கூடும்.

2. வேலைக்கு முன் எஸ்டிமேட் எழுத்தில் வேண்டும்.

3. கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் சொத்து. பேட்டரி போல் பழையதற்கு விலை கழித்திருந்தால் மட்டும் விட்டுவிடலாம்.

4. பெரிய தொகை சொன்னால் உடனே சம்மதிக்காதீர்கள். இன்னொரு இடத்தில் காட்டுங்கள். சரக்கு வாங்கும்போது இரண்டு மண்டியில் விலை கேட்பதில்லையா?

5. நல்ல மெக்கானிக் கிடைத்தால் கூலியைப் பேரம் பேசி அவரை விரட்டாதீர்கள். பாகத்தில் பில் கேளுங்கள். கூலியை நேரத்தில் கொடுங்கள். நம் கடைக்கு நாணயமான வாடிக்கையாளரை நாம் எப்படி நடத்துவோமோ, அவரும் அப்படியே நம்மை நடத்துவார்.

இந்த இதழைப் படித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். பீரோவில் உள்ள கடைசி இரண்டு சர்வீஸ் பில்களை எடுத்து, ஒரு வெள்ளைத் தாளில் நான்கு கட்டம் போட்டு, பாகம், கூலி, உபரி, வரி என்று பிரித்து எழுதுங்கள். மூன்றாவது கட்டத்தில் எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள். அடுத்த முறை வண்டியை எங்கே விடுவது, விடும்போது என்ன சொல்வது என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும்.